மஞ்சள் பால் குடிங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். அவசரமா இருக்கிறவங்க இந்த ஒரு வரியை மட்டும் படிச்சிட்டுப் போயிடுங்க: முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்துக்கிட்டிருக்கிற யாரும், எந்த டயட்டை நம்பியும், அந்த மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. நேரம் இருக்கிறவங்க உட்காருங்க. கோபத்தோடதான் எழுதறேன். ஆனா காரணம் சொல்லாம கோபப்பட மாட்டேன்.

சில வருஷம் முன்னாடி வரை எல்லா நோய்க்கும் காரணம் "டாக்ஸின்". உடம்பில் சேர்ந்துவிட்டது, கழுவி வெளியேற்ற வேண்டும் என்றார்கள். இப்போது அந்த நாற்காலியில் "இன்ஃப்ளமேஷன்" உட்கார்ந்திருக்கிறது. மூட்டு வலியா, இன்ஃப்ளமேஷன். சர்க்கரையா, இன்ஃப்ளமேஷன். முடி கொட்டுதா, தூக்கம் வரலையா, ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஆனா மனசு பாரமா இருக்கா, எல்லாமே இன்ஃப்ளமேஷன். காரணம் ஒண்ணுன்னு ஆயிட்டா மருந்தும் ஒண்ணுதானே? வெறும் வயித்துல மஞ்சள், மிளகு, ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். கோதுமை கூடாது, பால் கூடாது, கத்திரிக்காய் தக்காளி கூடவே கூடாது. ஒரு மண்டலம் இருந்து பாருங்க, அப்புறம் மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுடலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை. மஞ்சள் பால் குடிக்கிறதோட எந்தச் சண்டையும் இல்லை. தொண்டை கரகரன்னு இருந்தா நானும் குடிப்பேன்.

முதல்ல இன்ஃப்ளமேஷன்னா என்ன? தமிழில் அழற்சி. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். கிருமி உள்ளே வராமல் தடுக்கவும் அடிபட்ட இடத்தைச் சரிசெய்யவும் உடம்பு அங்கே ரத்தத்தையும் வெள்ளணுக்களையும் கொண்டுபோய்க் குவிக்கிறது. அதுதான் அழற்சி. அது இல்லாவிட்டால் ஒரு சின்ன வெட்டுக்காயத்தில் செத்துப்போவோம். அதனால "இன்ஃப்ளமேஷனே இல்லாத உடம்பு" என்று யாராவது விற்றால், அவருக்குப் பாடம் ஒழுங்காத் தெரியாது என்று முடிவு பண்ணிக்கலாம்.

நோயாக மாறும் அழற்சியில் பல வகை. இந்தப் பேச்சுக்கு ரெண்டு வகையைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒன்று, உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் மாறாட்டம் செய்து தன் உடம்பையே தாக்குவது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம், இந்த வகை. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்குக் கொஞ்சம் குறைவாகவோ வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம். மூட்டின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எதிர்ப்பு அணுக்கள் அதைத் தாக்கும். சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். வீக்கம் வடியும், வலி குறையும். அரிக்கப்பட்ட எலும்பு திரும்பி வளராது. இதை மறுபடி ஒரு தடவை படிங்க, ஏன்னா நான் சொல்ல வர்றது எல்லாமே இதுமேலதான் நிக்குது.

இன்னொன்று, தொப்பையிலிருந்து வருவது. வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் சேரும் கொழுப்பு சும்மா படுத்துக் கிடப்பதில்லை. அது தன் பங்குக்கு அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இதுக்கு வலி கிடையாது, வீக்கம் கிடையாது. பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் ஓடிவிட்டு சர்க்கரை, மாரடைப்பு, ஈரல் கொழுப்பு என்று வெளியே வரும்.

ரெண்டுக்கும் ரத்தத்தில் ஒரே டெஸ்ட் எடுப்போம், சிஆர்பி. ஆனால் அளவைப் பாருங்க. தொப்பைக்காரருக்கு 3, 4 என்று இருக்கும். முடக்குவாதம் பொங்கி நிற்கும்போது 40, 60 என்று வரும். கொல்லையில் குப்பை புகைவதும் வீட்டுக் கூரை பற்றி எரிவதும் ரெண்டுமே நெருப்புதான். அதுக்காக ரெண்டுக்கும் ஒரே செம்புத் தண்ணியோட ஓட முடியுமா?

"எல்லா இன்ஃப்ளமேஷனும் ஒண்ணுதான் டாக்டர்" என்பவர்களுக்கு ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன். முடக்குவாதத்துக்கு முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். மூட்டு அழற்சியை அடக்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. மாரடைப்புக்கும் அழற்சி ஒரு காரணம்தானே, அப்போ இதே மருந்தைக் கொடுத்தால் மாரடைப்பும் குறையுமே என்று அமெரிக்காவில் பால் ரிட்கர் குழுவினர் யோசித்தார்கள். நல்ல யோசனைதான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், இதய ரத்தக்குழாய்களில் பல அடைப்பு உள்ளவர்கள் என்று 4,786 பேரிடம் சோதித்தார்கள். 2018ல் முடிவு வந்தது. ஒரு பிரயோஜனமும் இல்லை. மாரடைப்பு குறையவில்லை. சிஆர்பி கூடக் குறையவில்லை.

அதற்கு முந்தின வருஷம் அதே ரிட்கர் குழு வேறொரு ஊசி மருந்தை வைத்து, 10,000க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் செய்த சோதனையில் பலன் கிடைத்தது. மறுபடி மாரடைப்பு, பக்கவாதம் வருவது சுமார் 15 சதவீதம் குறைந்தது. அந்த ஊசி அழற்சியின் வேறொரு பாதையை அடைக்கிறது. கூடவே, உயிரைப் பறிக்கும் கிருமித்தொற்று கொஞ்சம் கூடியது. அழற்சியை அமுக்கினால் அதுக்கு ஒரு விலை உண்டு. ஆக, உலகத்தின் பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கே எந்த அழற்சி, எந்தப் பாதை, எந்த மருந்து என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே ஒரு நிமிட ரீல்ஸில் ஒரே கஷாயத்தில் எல்லாத்தையும் அணைச்சிடறாங்க.

இப்போ அந்த மெத்தோட்ரெக்சேட்டுக்கு வருவோம். முடக்குவாதத்துக்கு இது அமெரிக்காவில் முறையாக அனுமதி பெற்றது 1988ல். அதற்கு முந்தைய தலைமுறையில் இந்த நோய் வந்தவர்களின் கைகளைப் பார்த்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கும். விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கணு வளைந்து, தம்ளரைக்கூட ரெண்டு உள்ளங்கையாலும் அணைத்துத்தான் தூக்குவார்கள். இன்றைக்கு அப்படிப்பட்ட கைகள் குறைந்திருக்கின்றன என்றால் அதில் பெரிய பங்கு இந்தச் சின்ன மஞ்சள் மாத்திரைக்கு உண்டு. (ஆமா, பல கம்பெனிகளில் இதுவும் மஞ்சள் நிறம்தான்.)

நோயாளிகள் இதைக் கண்டு பயப்படக் காரணம் இருக்கு. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் படித்தால் "கேன்சர்" என்ற வார்த்தை வரும். கூகுளும் அதையேதான் சொல்லும். விஷயம் என்னன்னா, கேன்சருக்கு இதே மருந்தை நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மில்லிகிராமில் கொடுப்பார்கள். முடக்குவாதத்துக்கு வாரத்துக்கு ஒரு நாள், பெரும்பாலும் 7.5 முதல் 25 மில்லிகிராம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் ஆசிட். சில மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், ஈரல், கிட்னி டெஸ்ட். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும், கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. சாராயம் ஆகாது. பக்கவிளைவு இல்லாத மருந்தென்று நான் சொல்ல மாட்டேன். பக்கவிளைவைக் கண்காணிக்கத் தெரிந்த மருந்து என்று சொல்வேன்.

இவ்வளவையும் எந்த டாக்டர் நோயாளிக்கு உட்கார வைத்துச் சொல்றார்? இங்கே எங்க ஆட்களையும் விடப் போவதில்லை. மூணு நிமிஷத்தில் சீட்டு எழுதி, "இதைச் சாப்பிடுங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பினால், அந்த அம்மா வீட்டுக்குப் போய் பெட்டிக் காகிதத்தைப் படிப்பார். பயந்துபோவார். ராத்திரி போனைத் திறந்தால், சிரித்த முகத்தோடு ஒருத்தர் இருபது நிமிஷம் பொறுமையாப் பேசுவார். யாரை நம்புவார்? "என்ன சாப்பிடலாம் டாக்டர்" என்ற கேள்விக்கு "எல்லாம் சாப்பிடலாம்" என்று நிமிராமலே பதில் சொல்கிற ஒவ்வொரு டாக்டரும் அந்த சேனலுக்கு ஒரு சப்ஸ்கிரைபர் சேர்த்துக் கொடுக்கிறார். சொந்த கிளினிக் கவுண்ட்டரிலேயே மஞ்சள் கேப்ஸ்யூல் டப்பா அடுக்கி வைத்திருக்கும் டாக்டர்களைப் பற்றித் தனியா ஒரு நாள் எழுதறேன். இன்னைக்கு வேண்டாம், பிபி ஏறுது.

டயட்டை நம்பி மருந்தை விட்டவர்கள் எல்லாரும் ஒரு வாக்கியம் சொல்வார்கள். "முதல் ஒரு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு டாக்டர்." பொய் சொல்வதில்லை. உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கும். ஏன் என்று தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

முடக்குவாதம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது, அலை மாதிரி ஏறும், இறங்கும். மனுஷங்க புது வைத்தியம் தேடிப் போவது எப்போ? வலி உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்கு அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தப் பெயர் கஷாயத்துக்குப் போகும். அடுத்தது, மெத்தோட்ரெக்சேட் மெதுவான மருந்து. வேலை செய்ய ஆரம்பிக்கவே 6 முதல் 12 வாரம் ஆகும். அதேபோல நிறுத்தினாலும் அதன் பலன் உடனே போகாது, சில வாரங்களுக்குத் தாங்கும். நிறுத்திய மாதம் நீங்கள் நன்றாக இருந்தது நிறுத்திய மருந்தின் தயவில். புண்ணியம் கட்டிக்கொண்டது டயட். மூன்றாவது, பஜ்ஜி, இனிப்பு, பேக்கரி எல்லாவற்றையும் விட்டதில் எடை ரெண்டு மூணு கிலோ குறைந்து முழங்காலுக்கு நிஜமாகவே சுகம் கிடைத்திருக்கும். இது நல்ல விஷயம், மருந்தை விடாமலேயே கிடைத்திருக்கும்.

நாலாவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாதது. டயட்டோடு சேர்த்து ஒரு "மூலிகைப் பொடி" கொடுப்பார்கள், பெயர் போடாத டப்பாவில். மூணே நாளில் வலி பறந்துபோகும். முகம் பளபளவென்று உப்பும், பசி எடுக்கும், "பாருங்க, உடம்பு தேறிடுச்சு" என்று சொந்தக்காரங்களே சொல்வாங்க. ஆறு மாசத்தில் சர்க்கரை ஏறும், கணுக்கால் வீங்கும், லேசாக் கீறினாலே தோலில் ரத்தம் கட்டும். இது ஸ்டீராய்டு. அளவு தெரியாத, யாரும் கண்காணிக்காத ஸ்டீராய்டு. சித்த மருத்துவம் முறையாகப் படித்தவர்கள் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, இந்தப் போலிப் பொடிகளைப் பார்த்து என்னைவிட அவங்கதான் நொந்துபோறாங்க.

இந்த எட்டு மாசம், பத்து மாசத்தில் எலும்பில் என்ன நடக்கும்? முடக்குவாதத்தின் எலும்பு அரிப்பு பெரும்பாலும் நோயின் முதல் ரெண்டு வருஷத்திலேயே ஆரம்பித்துவிடும். முதல் சில மாதங்களில் சரியான மருந்தைத் தொடங்கியவர்களுக்கும் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் பத்து வருஷம் கழித்து இருக்கும் கைகள் வேற வேற. முப்பத்தஞ்சு வயசில், வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, அந்த மாதங்கள்தான் டயட் சேனலுக்குத் தானமாகப் போகின்றன. திரும்பி வரும்போது ஜாக்கெட் கொக்கி போட முடியாது, சப்பாத்தி மாவு பிசைய முடியாது, கையெழுத்து மாறியிருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு நான் என்ன சொல்ல? இனிமேல் மேலும் கெடாமல் பார்த்துக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

சரி, முடக்குவாதத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வேலையும் இல்லையா? இருக்கு. 1991ல் நார்வேயில் ஒரு சோதனை செய்தார்கள். கொஞ்ச நாள் உண்ணா நோன்பு, பிறகு ஒரு வருஷம் சைவ உணவு. சிலருக்கு வலியும் வீக்கமும் குறைந்தது உண்மை. மீன் எண்ணெய் பற்றிய ஆராய்ச்சிகளிலும் வலி கொஞ்சம் குறைகிறது, வலி மாத்திரையின் தேவை கொஞ்சம் குறைகிறது. "கொஞ்சம்" என்பதை அடிக்கோடு போட்டுக்கங்க. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் சங்கம் 2022ல் இதுக்குன்னே ஒரு வழிகாட்டுதல் தயாரித்தது. காய்கறி, பழம், பருப்பு, முழுத்தானியம், மீன், நல்ல எண்ணெய் கொண்ட மத்திய தரைக்கடல் பாணி உணவை, நிபந்தனையோடு பரிந்துரைத்தார்கள். மற்ற பெயர் வைத்த டயட்கள் வேண்டாம், சத்து மாத்திரைகளும் வேண்டாம் என்றார்கள். அந்த வழிகாட்டுதலில் அழுத்தமாக, உறுதியாகச் சொன்ன ஒரே விஷயம் எது தெரியுமா? தொடர்ந்து உடற்பயிற்சி செய்யுங்கள் என்பது. அதைப் பற்றி ஒரு ரீல்ஸும் உங்களுக்கு வந்திருக்காது. நடையை டப்பாவில் அடைக்க முடியாதே. புகையும் அப்படித்தான். முடக்குவாதம் வருவதற்கும் மோசமாவதற்கும் நன்றாக நிரூபிக்கப்பட்ட வெளிக்காரணம் பீடி, சிகரெட். அதை விட்டு ஒழிக்கச் சொல்லாமல் கத்திரிக்காயை விடச் சொல்பவரிடம் என்ன பேச?

கத்திரிக்காய், தக்காளி மூட்டுக்கு ஆகாது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது உங்க இஷ்டம். ஆனா பால், தயிர், முட்டை, பருப்பு, கோதுமை என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து தூக்கினால் என்ன மிஞ்சும்? முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஏற்கெனவே எலும்பு மெலியும் ஆபத்து அதிகம், ரத்த சோகையும் சகஜம். அவங்ககிட்டப் போய் கால்சியத்தையும் புரதத்தையும் பிடுங்குவது வைத்தியமா? யூரிக் ஆசிட் என்றதும் கீரையையும் பருப்பையும் நிறுத்துவது இதே கூத்துதான். 2004ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குத்தான் கவுட் கூடியது. ப்யூரின் உள்ள காய்கறிகளால் கூடவில்லை. பீரை விட மனசில்லாம கீரையை விடறவங்க நிறைய பேர்.

கோதுமையை விட்டால் நிஜமாகவே குணமாகும் நோய் ஒன்று உண்டு, சீலியாக் நோய். அங்கே சாப்பாடுதான் மருந்து, வேறு மருந்தே இல்லை. கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் கூடுதலாகவும் நம் பக்கம் குறைவாகவும் பார்க்கிறோம். அதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை இருக்கு. டெஸ்ட்டுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டா ரிசல்ட் தப்பா வரும், அதையும் நினைவில் வச்சுக்கங்க.

இப்போ கதாநாயகன் மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளில் வேலை செய்யும் பொருள் என்று சொல்லப்படும் குர்குமின், மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூணு பங்கு அளவுதான். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம் என்றால் குர்குமின் 90 மில்லிகிராம். அதிலும் குடலில் இருந்து ரத்தத்துக்குப் போவது மிக மிகக் குறைவு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998ல் செய்த ஆய்வு ஒன்று உலகப் புகழ் பெற்றது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். "மிளகு சேர்த்துக் குடிங்க" என்ற பேச்செல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். ஆனால் கணக்கைப் பாருங்க. ரெண்டு கிராம் குர்குமினுக்கு வீட்டு மஞ்சள் தூளில் இருபது டீஸ்பூனுக்கு மேல் வேணும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை இருபதால் பெருக்கினாலும் பெரிசா எதுவும் வந்துடாது.

"அப்போ கேப்ஸ்யூலா சாப்பிடறேன்" என்கிறீர்களா? அங்கதான் வேறொரு ஆபத்து. மருந்துகளால் ஈரல் கெடுவதைக் கண்காணிக்கும் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று, 2004 முதல் 2022 வரை மஞ்சள் சப்ளிமெண்ட்டால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் ஈரல் செயலிழந்து இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. அதாவது யாருக்கு வரும் என்பது உடம்பைப் பொறுத்தது, உங்களுக்கு வராது என்று டப்பா விற்பவரால் சொல்ல முடியாது. எண்ணிக்கை சின்னதுதான், பீதி வேண்டாம். ஆனா ஏற்கெனவே மெத்தோட்ரெக்சேட் சாப்பிடறவங்க, ஈரல் டெஸ்ட் எடுத்துக்கிட்டே இருக்கிறவங்க, அதுமேல இதையும் போட்டா, ஈரல் கெட்டால் எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கவே முடியாது. கடைசியில் தேவையான மருந்தைத்தான் நிறுத்த வேண்டிவரும். மஞ்சள் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வாங்கிக்கொள்வது இதுதான். சாம்பாரிலும் ரசத்திலும் போடும் மஞ்சளுக்கு இது எதுவும் பொருந்தாது, அதை நிம்மதியாப் போடுங்க.

இனி ரெண்டாவது வகை, தொப்பை அழற்சி. எனக்கு வேடிக்கையா இருக்கிறது இதுதான். சாப்பாட்டால் பெரிசாக மாற்ற முடியாத நோய்க்காரர்களிடம் போய் சாப்பாட்டால் குணமாக்குகிறேன் என்கிறார்கள். சாப்பாட்டால் நிஜமாகவே மாற்ற முடிகிற நோய்க்காரர்களிடம் ஒரு ஸ்பூன் பொடியை நீட்டுகிறார்கள். ஏன்? ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் விற்கலாம். குறைக்கச் சொன்னால் எதை விற்பது?

சர்க்கரை நோயில் சாப்பாடு எவ்வளவு செய்யும் என்று பாருங்கள். பிரிட்டனில் 2017ல் வெளிவந்த சோதனை. சர்க்கரை வந்து 6 வருஷத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். முதல் சில மாதங்களுக்குத் தினம் 850 கலோரிக்குள் மட்டும், பிறகு படிப்படியாகச் சாதாரண உணவு, எல்லாம் மருத்துவக் கண்காணிப்பில். ஒரு வருஷம் கழித்து 46 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள். 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. நம்ம சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவையும் நடையையும் மாற்றியதில், மூணு வருஷத்தில் சர்க்கரை வருவது சுமார் 28 சதவீதம் குறைந்தது. இதில் எங்கேயும் மஞ்சள் கேப்ஸ்யூல் இல்லை, காலையில் எண்ணெய் குடிக்கிறதும் இல்லை.

நம்ம பிரச்சினை எங்கே இருக்குன்னும் தெரியும். ஐசிஎம்ஆரும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வில், இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. பெரும்பாலும் தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை. காலையில் நாலு இட்லி, மதியம் மலை மாதிரி சோறு, ராத்திரி தோசை, நடுவில் நாலு டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாலு டீயிலேயே முப்பது கிராமைத் தாண்டும். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தத் தட்டை அப்படியே வச்சுக்கிட்டு, மேல ஒரு சிட்டிகை மஞ்சள் தூவினா அழற்சி இறங்கிடுமா?

அழற்சியைக் குறைக்கும் உணவு என்றதும் சால்மன் மீன், ப்ளூபெர்ரி, ஆலிவ் ஆயில் என்று லிஸ்ட் அனுப்புகிறார்கள். மாசம் பதினஞ்சாயிரம் சம்பளக்காரர் எங்கே போவார்? ஒமேகா 3 கொழுப்பு நம்ம மத்தி மீனிலும் அயிலையிலும் தாராளமா இருக்கு. வாரம் ரெண்டு நாள் குழம்பு வைங்க, பொரிக்க வேண்டாம். தட்டில் பாதியைக் காயும் கீரையும் அடைக்கட்டும். சோறு கால் பங்கு. மீதி கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், ஏதாவது ஒன்று. சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்க, ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிடும். சிறுதானியம் நல்லதுதான், நார்ச்சத்து கூட. ஆனா சோத்து மலைக்குப் பதிலா சாமைச்சோத்து மலை வச்சா மலை மலையாத்தான் இருக்கும், அதிலும் முக்கால்வாசிக்குக் கிட்ட மாவுச்சத்துதான்.

முடக்குவாதம் இருப்பவர்களும் இதே தட்டைத்தான் சாப்பிடணும். அவங்களுக்கு மாரடைப்பு வரும் ஆபத்து மத்தவங்களைவிட அதிகம், அதனால் கூடுதல் அக்கறையோடயே சாப்பிடணும். மருந்தோடு சேர்த்து.

வயசானவங்களுக்கு வரும் முழங்கால் தேய்மானம் இதுக்கெல்லாம் வேற கதை. அதுக்கு மெத்தோட்ரெக்சேட் கிடையாது. ஒரு கிலோ எடை குறைஞ்சா, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறையும். எடை குறைப்பதும் தொடைத் தசையைப் பலமாக்குவதும்தான் அங்கே முதல் வைத்தியம். "எங்க பாட்டிக்கு இந்த டயட்ல மூட்டு வலி போச்சு" என்று யாராவது சொன்னால், பாட்டிக்கு வந்தது எந்த மூட்டு வலி என்று கேளுங்க.

அடுத்து எனக்கு வரப்போகும் வசவு தெரியும். "மருந்து கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டுப் பேசறான்." ஐயா, மெத்தோட்ரெக்சேட் காப்புரிமை எல்லாம் முடிந்துபோன பழைய மருந்து. மாசத்துக்குச் சில நூறு ரூபாய்கூட ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்குத் தனித் துறையே இருக்கு. இந்த மருந்துக்காக எந்தக் கம்பெனியும் எனக்கு விருந்து வைக்கப் போவதில்லை. அந்தப் பக்கம், மூணு மாச டயட் பேக்கேஜ் எத்தனை ஆயிரம் என்று கேட்டுப் பாருங்க. அப்புறம் யார் யார்கிட்ட காசு வாங்கறாங்கன்னு பேசலாம்.

காலையில் எழுந்ததும் கைவிரல் மடக்க முடியாமல் அரை மணி, ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்குதா? ரெண்டு கையிலும் விரல் கணு, மணிக்கட்டு வீங்கியிருக்கா? ஆறு வாரத்துக்கு மேல் ஆகுதா? பொடி வேண்டாம், டயட் சார்ட் வேண்டாம், முதல்ல ஒரு வாதநோய் நிபுணரையோ அரசு மருத்துவமனையின் பொது மருத்துவரையோ பாருங்க.

ஏற்கெனவே மருந்தை நிறுத்திட்டீங்களா? திட்டுவாங்களோன்னு பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் வராம இருக்காதீங்க. இப்படித் தள்ளிப்போட்டு வர்றவங்கதான் அதிகம். பழைய சீட்டை வச்சுப் பழைய அளவிலேயே நீங்களா ஆரம்பிக்கவும் வேண்டாம், முதல்ல ரத்தப் பரிசோதனை எடுக்கணும். பழைய ஃபைலோட வாங்க, எத்தனை மாசம் நிறுத்தினீங்கன்னு உள்ளதைச் சொல்லுங்க. பெயர் தெரியாத பொடி சாப்பிட்டுக்கிட்டிருந்தா அதையும் சட்டுனு நிறுத்திடாதீங்க. உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்தும்போது பிபி இறங்கி மயக்கமாகி உயிருக்கே ஆபத்தாகும், படிப்படியாத்தான் குறைக்கணும். டாக்டரைப் பார்க்க வரும்போது அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க.